முன்னாலா, பின்னாலா? நரம்பு போடும் கட்டளை தெரியுமா?

மஸ்கெலியாப் பக்கம் மழை விட்ட காலையில் தேயிலை மலைக்குள் இறங்கியிருக்கிறீர்களா? கான் ஓரத்துப் புல்நுனியில் கறுப்பு நூல் ஒன்று விறைத்து நிற்கும். கிட்டப் போய் மூச்சு விட்டால் போதும், காற்றைத் துழாவிக்கொண்டு உங்கள் பக்கம் சாயும். நீங்கள் ஓரெட்டு விலகினால் அது குனிந்து வாயை நிலத்தில் ஊன்றும். வாலைத் தலையருகே இழுத்து வைக்கும். மறுபடி தலையை நீட்டும். இப்படிச் சாண் போட்டு அளந்துகொண்டே உங்கள் செருப்பைத் தேடி வரும்! நம்ம அட்டைதான். 1344இல் சிவனொளிபாதமலை ஏறிய அரபுப் பயணி இப்னு பதூதாவையே வியக்க வைத்த அட்டை. அதை விழ வைக்க மலையேறுகிறவர்கள் எலுமிச்சை கொண்டுபோனதை அவர் எழுதி வைத்திருக்கிறார். கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். ஏறக்குறைய எழுநூறு வருடமாகியும் அட்டை தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த அட்டைக்கு மூளை எங்கே இருக்கிறது தெரியுமா? தலையில் ஒரு நரம்பு முடிச்சு, வாலில் இன்னொன்று, நடுவே மாலையில் கோத்த மணிகளைப் போல 21 முடிச்சுகள்! அந்த 21இல் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 400 நரம்புக் கலங்கள். ஆய்வுகூடங்களில் வளர்ப்பது நம் காட்டட்டையை அல்ல, அதன் சொந்தக்காரனான மருத்துவ அட்டையை. அதன் உடம்பிலிருந்து ஒரேயொரு முடிச்சைத் தனியே எடுத்து, தட்டில் வைத்து, டோபமீன் என்ற இரசாயனத்தை ஊற்றினார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள். 2008இல் வந்த ஆய்வு இது. தலையும் இல்லை, வாலும் இல்லை, தசையும் இல்லை. ஆனாலும் அந்த முடிச்சு ஊர்ந்து போகும்போது தசைகளுக்கு அனுப்பும் அதே தாளத்தைப் போடத் தொடங்கிவிட்டது! நீள், சுருங்கு, நீள், சுருங்கு என்று, போக இடமே இல்லாமல், தட்டுக்குள் கிடந்து நடந்துகொண்டிருந்தது.

இன்னொன்று கேளுங்கள். அதே அட்டையின் தலையில் ஒரு சோடிக் கலங்கள் உண்டு. அவற்றைத் தூண்டினால் என்ன நடக்கும் என்பது, அட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆழமான தண்ணீரில் இருந்தால் நீந்தும். தண்ணீர் வற்றியிருந்தால் ஊரும். கட்டளை ஒன்றுதான், இடத்துக்கு ஏற்ப அர்த்தம் மாறுகிறது! "கிளம்பு" என்று மட்டும் தலை சொல்கிறது, எப்படிக் கிளம்புவது என்பதை உடம்பே பார்த்துக்கொள்கிறது. இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வரப்போகும் அதிசயங்களிலெல்லாம் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

அட்டையை விட்டுக் கொஞ்சம் மண்ணைத் தோண்டுவோம். தேயிலைச் செடியின் வேரைத் துளைத்துத் தின்னும் ஒரு நூற்புழு இருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட வராது. அதன் விஞ்ஞானப் பெயர் பிரட்டிலெங்கஸ் லூசி. அந்த 'லூசி' எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த லூஸ் என்ற ஆய்வாளரின் பெயரிலிருந்து! 1925இல் தொடங்கிய, இன்று தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் அதே நிலையம். 1960இல் இந்தப் புழுவுக்குப் பெயர் சூட்டியபோது மலையகத்து ஆய்வாளர் ஒருவர் உலக விலங்கியலில் இடம்பிடித்துவிட்டார்.

இந்த வேர்ப்புழுவுக்குத் தூரத்து உறவு, ஆய்வுகூடங்களின் செல்லப்பிள்ளையான சீனோரப்டைட்டிஸ் எலிகன்ஸ். அதன் இருபால் புழுவின் உடம்பில் மொத்தம் 302 நரம்புக் கலங்கள்தான், ஒன்றுகூடக் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. எந்தக் கலம் எதனோடு கைகோத்திருக்கிறது என்ற முழு வரைபடமும் 1986இலேயே வெளிவந்துவிட்டது. மூக்குப் பக்கம் மெல்லிய மயிரால் தொட்டால் புழு பின்னால் போகும். வால் பக்கம் தொட்டால் முன்னால் போகும். முன்னால் போகச் சொல்லும் கலங்கள் வேறு, பின்னால் போகச் சொல்லும் கலங்கள் வேறு! லேசர் கதிரால் பின்னோட்டக் கலங்களைச் சுட்டுவிட்டால் புழுவுக்கு ஒழுங்காகப் பின்வாங்கத் தெரியாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு புழுவுக்குள் தனித்தனியாக முன்கியர், பின்கியர்!

ஈக்கு எப்படி என்று கேட்கிறீர்களா? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

லயத்துக் குசினியில் கனிந்து கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றி வட்டமிடும் பழ ஈயைத் தெரியும்தானே? சிவந்த கண், கடுகளவு உடம்பு. அதன் மூளைக்குள் இருப்பது 139,255 நரம்புக் கலங்கள். தோராயக் கணக்கு அல்ல, ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தது. 2024 ஒக்டோபரில் அதன் முழு வரைபடமும் வெளியானது. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே, 2014இல், ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் சலில் பிதாயே என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். சூடு பட்டால் குறிப்பிட்ட சில கலங்கள் மட்டும் விழித்துக்கொள்ளும்படி மரபணு மாற்றிய ஈக்களை, வகை வகையாக ஆயிரக்கணக்கில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வகை ஈயைச் சூடாக்கியதும் அது பின்பக்கமாக நடக்கத் தொடங்கியது! ஆறு காலையும் தலைகீழ் ஒழுங்கில் எடுத்து வைத்து, பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. மைக்கல் ஜக்சனின் புகழ்பெற்ற நடன அடியை நினைத்து அந்தக் கலங்களுக்கு 'மூன்வோக்கர்' என்று பெயர் வைத்தார்கள்.

அவை எத்தனை கலங்கள் தெரியுமா? நாலே நாலு! மூளையில் பக்கத்துக்கு இரண்டு. ஒன்றேகால் இலட்சத்துக்கும் அதிகமான கலங்களில் வெறும் நாலு சொன்னால் ஈ பின்னால் நடக்கிறது. அந்த நாலையும் ஊமையாக்கிவிட்டால், முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்ட ஈக்குப் பின்னால் வரத் தெரியாமல் போகிறது. கூடவே இன்னொரு கலவகையும் அகப்பட்டது. முன்னால் போகும் நடையை நிறுத்துவதுதான் அதன் வேலை. லொறியை நிறுத்தாமல் ரிவேர்ஸ் போட முடியாதல்லவா? ஈயும் முதலில் பிரேக் போடுகிறது, பிறகுதான் பின்னால் எடுக்கிறது.

ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. ஈயாவதற்கு முன் அது பழத்துக்குள் நெளியும் புழு. அப்போது காலே கிடையாது. கூட்டுப்புழுப் பருவத்தில் அதன் உடம்பு ஏறக்குறைய கரைந்து வேறாகிறது. ஆனால் அந்த மூன்வோக்கர் கலங்கள் பிழைத்திருந்து, ஈயின் மூளைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன! புழுவாக இருந்தபோது அவற்றைத் தூண்டினால் புழு பின்னால் ஊரும். ஈயான பிறகு தூண்டினால் ஈ பின்னால் நடக்கும். கால் முளைத்துவிட்டது, இறக்கை வந்துவிட்டது, உண்ணும் விதமும் மாறிவிட்டது. "பின்னால் போ" என்ற சொல் மட்டும் மாறவில்லை. 2018இல் இதைப் படித்த அன்று, வாழைப்பழத்தில் வந்து உட்கார்ந்த ஈயை எனக்கு விரட்டவே மனம் வரவில்லை.

சரி, முன்னும் பின்னும் புரிகிறது. இடமும் வலமும்?

ஓலே கீன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலிகளின் மூளைத்தண்டில் ஒரு கூட்டக் கலங்களை ஆராய்ந்தார்கள். இரண்டு பக்கத்துக் கலங்களையும் ஒரே நேரத்தில் தூண்டியபோது எலி சட்டென்று நின்றுவிட்டது. 2015இல் அவற்றுக்கு 'நிறுத்தும் கலங்கள்' என்றே பெயர் வைத்தார்கள். பிறகு 2020இல், கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில், அதே கலங்களை ஒரு பக்கம் மட்டும் தூண்டிப் பார்த்தார்கள். வலப்பக்கத்தைத் தூண்டினால் எலி வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கத்தைத் தூண்டினால் இடப்பக்கம்! வலப்பக்கத்துக் கால்களின் எட்டு மட்டும் சுருங்கிவிட, உடம்பு தானாக அந்தப் பக்கம் வளைகிறது. நுவரெலியா கிரகரி வாவியில் படகு வலித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கத் துடுப்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால் படகு அந்தப் பக்கம்தான் திரும்பும். இரண்டையும் அழுத்தினால் நிற்கும். எலியின் மூளைத்தண்டுக்குள்ளும் அதே படகோட்டிதான்!

திசை தெரிந்தால் போதாது, காலை எங்கே வைப்பது என்றும் தெரிய வேண்டும். சிறுத்தை நடந்த தடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் ஈரமண்ணில் அதைப் பார்த்துப் பதறியவர்கள் பலர். பதற்றம் அடங்கிய பிறகு உற்றுப் பாருங்கள். நாலு கால் மிருகம் போன வழியில் இரண்டு கால் மிருகம் போனது போலத் தடம் கிடக்கும்! முன்கால் வைத்த குழியிலேயே பின்காலை வைத்து நடப்பது பூனைக் குடும்பத்தின் வழக்கம். முன்கால் சத்தமில்லாத இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பின்கால் வேறிடம் தேட வேண்டியதில்லை.

ஆனால் பின்கால் கண்ணுக்குத் தெரிவதில்லையே, எப்படிச் சரியாக வைக்கிறது? கனடாவில் இரண்டு விஞ்ஞானிகள் வீட்டுப் பூனையை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு சிறு தடையை முன்கால்கள் தாண்டியதும் பூனையை நிறுத்தி, சாப்பாட்டைக் காட்டினார்கள். பூனை பார்க்காத நேரத்தில் தடையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். பூனை நின்றது, தின்றது, பிறகு நடந்தது. பின்கால்களை உயரத் தூக்கி, இல்லாத தடையைத் தாண்டியது! பத்து நிமிடம் நிறுத்தி வைத்த பிறகும்கூட அந்த ஞாபகம் இருந்தது. 2006இல் வந்த முடிவு இது. பூனை எதையோ மறந்து நிற்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்திலும் அதன் பின்கால்களுக்காக மூளை கணக்கு வைத்திருக்கிறது.

இந்த நடையின் தாளம் முள்ளந்தண்டிலேயே இருக்கிறது என்பதை 1911இல் தோமஸ் கிரகம் பிரவுன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் காட்டிவிட்டார். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடமான முண்ணாண் மூளையிலிருந்து துண்டிக்கப்பட்டு, காலிலிருந்து எந்தச் செய்தியும் வராத நிலையிலும், பூனையின் கால் தசைகள் மாறி மாறி இயங்கின. 1966இல் மொஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி மூவரும் பூனையின் நடுமூளையில் ஒரு புள்ளிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். ஓடும் பட்டியின் மேல் பூனை நடந்தது. மின்சாரத்தைக் கூட்டினார்கள், ஓடியது. இன்னும் கூட்டினார்கள், பாய்ந்து பாய்ந்து ஓடியது! மூன்று நடைக்கும் ஒரே புள்ளி.

தலை சொல்லும் அந்தக் "கிளம்பு" என்ற கட்டளையையே யாராவது திருடிவிட்டால்? அதைச் செய்வது ஒரு குளவி. மலையகத்தில் குளவி என்றால் யாருக்கும் கதை கேட்கும் ஆசை வராது. மலையில் குளவி கொட்டி ஆசுப்பத்திரிக்குப் போனவர்களும் திரும்பி வராதவர்களும் நம் சொந்தங்கள். நான் சொல்லப்போவது வேறு குளவி, ஆட்களைத் தேடி வருவதில்லை. பச்சை மாணிக்கம் போல மின்னும் மரகதக் குளவி. தெற்காசியாவில் வாழும் இந்தக் குளவி கரப்பானை என்ன செய்கிறது தெரியுமா? முதல் கொட்டு நெஞ்சில், முன்கால்கள் சில நிமிடம் மரத்துப்போக. இரண்டாவது கொட்டு கழுத்து வழியாக நேரே தலைக்குள், மூளையில் குறிபார்த்து! பிறகு கரப்பானின் உணர்கொம்பைப் பாதியாகக் கடித்து, மிச்சத்தை வாயால் பிடித்து, கயிற்றில் கட்டிய மாட்டைப் போல வளைக்குள் நடத்திக்கொண்டு போகிறது. கரப்பானின் கால்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை. தண்ணீரில் போட்டால் நீந்தும். நடக்கத் தெரியும், ஆனால் தானாக நடக்கத் தொடங்கும் எண்ணம்தான் வராது. அந்த எண்ணத்தை மட்டும் குளவி எடுத்துவிட்டது! இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் லிபெர்சாட் பல வருடங்களாக ஆராய்ந்தது இதைத்தான்.

மனிதருக்கு வருவோம். பிள்ளைக்காம்பராவில் தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, மெல்ல ஓடும் பட்டியின் மேல் பாதம் படும்படி நிறுத்தினால் என்ன செய்யும்? எட்டு வைக்கும்! பட்டியின் ஓட்டத்தை மாற்றினால் பின்பக்கமாக எட்டு வைக்கும். குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் பக்கவாட்டில் எட்டு வைக்கும்! கனடாவில் சின்னக் குழந்தைகளிடம் செய்து பார்த்த ஆய்வு இது. நடக்கப் பழகும் முன்பே நாலு திசைக்கும் நடக்கும் தாளம் குழந்தைக்குள் தயாராக இருக்கிறது. வளர்ந்தவர்களிடம் இன்னொரு வியப்பு. இடக்காலுக்கு ஒரு வேகமும் வலக்காலுக்கு வேறு வேகமுமாக ஓடும் இரட்டைப் பட்டியில் முன்னால் நடக்கப் பழக்கினார்கள். பிறகு பின்னால் நடக்கச் சொன்னபோது அந்தப் பழக்கத்தின் சுவடே இல்லை! 2007இல் அமெரிக்காவில் சோய், பாஸ்டியன் இருவரும் கண்டது. புழுவுக்குப் போலவே நமக்கும் முன்நடை ஒரு கணக்கு, பின்நடை வேறு கணக்கு.

தலைக்கயிற்றில் கூடை பாரத்தைத் தாங்கி, இடுப்பில் படங்கைச் சுற்றி, ஈரச் சரிவில் பக்கவாட்டாகக் கால் மாற்றி இறங்கும் அம்மாவை ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கிறீர்களா? கழுத்து அசையாது, கண் கானைப் பார்க்காது, பாதம் மட்டும் கல்லைத் தேடி வைக்கும். காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு, பாதத்தின் தோல், முள்ளந்தண்டின் தாளம், மூளையின் திசைக்கணக்கு எல்லாம் ஒன்றுசேர்ந்து செய்யும் வேலை அது. கூலிக் கணக்கில் அது 'கிலோ' என்று மட்டும்தான் எழுதப்படுகிறது. அது எனக்கு எப்போதும் வலிக்கும்.

அந்தத் திசைக்கணக்கு தவறுவதும் உண்டு. ஹோட்டன் சமவெளியில் மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நேராகத்தான் போகிறோம் என்று நினைத்து நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மோகினி வழி மறித்தாள் என்பார்கள். அது உண்மையிலேயே நடக்கக்கூடியது என்று தெரியுமா? 2009இல் யான் சோமன் என்பவரின் குழு, ஜேர்மனியின் காட்டிலும் துனீசியாவின் சகாராப் பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிச் செய்மதியால் பின்தொடர்ந்தது. வெயில் தெரிந்தபோது நேராக நடந்தார்கள். காட்டில் மேகம் மூடியபோது வட்டமடித்தார்கள், அதே வழியில் மறுபடி மறுபடி குறுக்கிட்டார்கள், தங்களுக்கே தெரியாமல்! கண்ணைக் கட்டி விட்டபோது சிலர் 20 மீற்றர் விட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள். அப்படியானால் வழி மறித்தது மோகினி அல்ல. வெளியிலிருந்து ஓர் அடையாளமும் கிடைக்காதபோது நம் நரம்பு மண்டலம் 'நேர்' என்று நினைப்பது கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துவிடுகிறது.

அதே துனீசியாவில், 1911இல், பெலிக்ஸ் சான்ட்ஷி என்ற சுவிஸ் வைத்தியர் வீடு திரும்பும் எறும்புக்கு முன்னால் சூரியனை மறைத்து, மறுபக்கத்திலிருந்து கண்ணாடியால் வெயிலைக் காட்டினார். எறும்பு திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தது! 2006இல் இன்னொரு குழு, பாலைவன எறும்பின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டியது. எட்டு நீளமானதால் எறும்பு வீட்டைத் தாண்டிப் போய்த் தேடியது. காலைக் குட்டையாக்கியபோது வீட்டுக்கு முன்னாலேயே நின்று தேடியது. திசையைச் சூரியனிடம் கேட்கிறது, தூரத்தைத் தன் எட்டுகளால் அளக்கிறது! அந்தத் திசைகாட்டி மூளைக்குள் எப்படி இருக்கும் என்பதை 2015இல் யொஹானஸ் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் பழ ஈயில் கண்ணால் கண்டார்கள். மூளையின் நடுவே ஒரு வளையம். ஈ திரும்பத் திரும்ப, அந்த வளையத்தில் ஒரு நரம்புத் துடிப்பு மணிக்கூட்டு முள்ளைப் போலச் சுற்றுகிறது!

எறும்பு தன்னைவிடப் பெரிய இரையைப் பின்பக்கமாக இழுத்துப் போகும்போது வழி எப்படித் தெரிகிறது? 2017இல் ஸ்பெயினில் பிஸ்கட் துண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இழுத்துக்கொண்டே போகிற எறும்பு இடையில் துண்டைக் கீழே விட்டுவிட்டு, முன்பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறது. வழியைச் சரிபார்த்துக்கொள்கிறது. மறுபடி துண்டைக் கவ்வி, பின்பக்கமாக, திருத்திய திசையில் இழுக்கிறது! முகம் ஒரு பக்கம், போகும் திசை மறுபக்கம், ஆனாலும் மனதுக்குள் வழி ஒன்றுதான்.

இன்று பின்னேரம் தேத்தண்ணிக்கு உட்காரும்போது ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, வாசற்படியில் போகிற எறும்பின் முன்னால் வையுங்கள். அதனால் தூக்க முடியாத, இழுக்க மட்டும் முடிந்த அளவாக இருக்கட்டும். பிள்ளைகளையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எறும்பு துண்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனித்து, எத்தனை தரம் திரும்பியது என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள்.